இன்னொரு ராமச்சந்திரன்

ஒருவருடைய சிறுநீரகத்தை எடுத்து இன்னொருவருக்கு வைக்க முடியும் என்பதைத் தமிழ் மக்களில் பலர் 1984-ம் ஆண்டில்தான் தெரிந்துகொண்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் எம்.ஜி.ஆர். சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். நவம்பரில் விமானத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். டிசம்பரில் நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் உள்ள ஆஸ்பத்திரியில் அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். கொடுத்தவர் அவருடைய அண்ணன் மகள். கோயில், மசூதி, மாதா கோயில் என்று தமிழ்நாடே வேண்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

அந்த ராமச்சந்திரனைத் தெரியாத தமிழர் இல்லை. இது இன்னொரு ராமச்சந்திரனின் கதை.

இவர் ஜி.என்.ராமச்சந்திரன். வைத்தியம் படித்தவர் அல்ல. கத்தி பிடித்தவர் அல்ல. ஆனால், சிறுநீரகம் மாற்றிக்கொண்ட ஒருவரின் வயிற்றுக்குள் புற்றுநோய் முளைத்திருக்கிறதா என்று கத்தி வைக்காமலே பார்க்கிறார்களே, அந்தப் படத்துக்கு வேண்டிய கணக்கைப் போட்டுக் கொடுத்தவர்களில் முக்கியமானவர்.

மூன்று சிறுநீரகம்

ஐதராபாத் குகட்பள்ளியில் ஸ்கேன் நிலையங்களுக்குக் குறைவில்லை. மெட்ரோ ரயில் ஓடும் பெரிய சாலையிலும் உண்டு. ஹவுசிங் போர்டு காலனிக்குள்ளும் உண்டு. காலையில் வெறும் வயிற்றோடு வந்து, பழைய ரிப்போர்ட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர்களில் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களும் இருப்பார்கள். தாய் கொடுத்தது, மனைவி கொடுத்தது, அல்லது ஜீவன்தான் திட்டத்தில் மூளைச்சாவு அடைந்த ஒருவரிடமிருந்து வந்தது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கதை உண்டு.

புதுச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது. பிறகு எதற்கு ஸ்கேன்?

பழுதான மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதே இடத்தில் புது மோட்டாரைப் பூட்டுவதுபோலத்தான் இந்த ஆபரேஷனும் என்று பாலாநகர்ப் பட்டறையில் வேலை செய்பவர் நினைக்கலாம். அப்படி இல்லை. பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை. அவை முதுகுப் பக்கம், விலா எலும்புக்குக் கீழே, இருந்த இடத்திலேயே இருக்கும். புதியதை அடிவயிற்றில், இடுப்பெலும்புக்கு உட்பக்கமாக, காலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்களோடு இணைத்து வைத்துவிடுகிறார்கள். ஆக, ஆபரேஷன் முடிந்தவருக்குச் சிறுநீரகங்கள் மூன்று. வேலை செய்வது ஒன்று. சும்மா இருப்பது இரண்டு.

அந்தச் சும்மா இருக்கும் இரண்டில்தான் வில்லங்கம். பல வருஷம் டயாலிசிஸ் செய்துகொண்டவரின் சிறுநீரகம் சுருங்கி, அதில் சிறுசிறு நீர்க்கட்டிகள் உண்டாகும். அந்தக் கட்டிகளுக்கிடையே சிலருக்குப் புற்றுநோய் தோன்றுகிறது. புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க வாழ்நாள் முழுக்கச் சாப்பிடும் மாத்திரைகள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கின்றன. காவல்காரன் அசந்த வீடு மாதிரி. அதனால் சிறுநீரகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இவர்களுக்குப் பல மடங்கு அதிகம். பொருத்திய சிறுநீரகத்தில் வருவது அபூர்வம். பெரும்பாலும் வருவது பழையதில்தான்.

ஆரம்பத்தில் அது வலிக்காது. ரத்தப் பரிசோதனையும் காட்டிக்கொடுக்காது. மாதாமாதம் பார்க்கும் கிரியாட்டினின் அளவு புதுச் சிறுநீரகத்தின் நிலையைத்தான் சொல்லும். ஓய்ந்துபோன பழையதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. ஆகவே, படம் எடுத்துப் பார்த்தால்தான் உண்டு.

அந்தப் படத்துக்குப் பின்னால் உள்ள மனிதரின் கதைக்கு வருவோம்.

எர்ணாகுளத்தில் பிறந்த தமிழர்

பெயருக்கு முன்னால் உள்ள முதல் எழுத்து கோபாலசமுத்திரம் என்ற ஊரைச் சொல்கிறது. ஆனால் ராமச்சந்திரன் பிறந்தது எர்ணாகுளத்தில், 1922-ம் ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி. எர்ணாகுளம் அப்போது கொச்சி சமஸ்தானம். தகப்பனார் நாராயண ஐயர் அங்கே மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். உத்தியோகத்துக்காக அயல் மண்ணில் குடியிருந்த தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். இன்று குகட்பள்ளியில் வளரும் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல.

கணக்கை மகன் தகப்பனாரிடமே கற்றான். பிற்காலத்தில் படிகமோ, புரதமோ, எக்ஸ்ரேயோ எதைக் கையில் எடுத்தாலும் அதைக் கணக்காக மாற்றிப் பார்க்கும் பழக்கம் அந்த வீட்டில் வந்தது.

திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் ஆனர்ஸ் படித்துவிட்டு, 1942-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்த துறை பௌதிகம் அல்ல, மின்சாரப் பொறியியல். அங்கே பௌதிகத் துறையில் இருந்தவர் சர் சி.வி.ராமன். பையனின் புத்திசாலித்தனத்தைப் பார்த்த ராமன், மின்சாரத் துறைத் தலைவரிடம் போய், இவன் உங்கள் துறைக்கு அதிகப்படி என்று சொல்லித் தம் பக்கம் இழுத்துக்கொண்டாராம். விஞ்ஞானிகள் இன்றும் சிரித்துச் சொல்லும் கதை இது.

ராமனிடம் அவர் ஆராய்ந்தது வைரம். வைரத்துக்குள் எக்ஸ்ரேயைச் செலுத்தி, உள்ளே உள்ள கோளாறுகளைப் படம் பிடித்தார். கண்ணுக்குத் தெரியாத உள்கட்டமைப்பை எக்ஸ்ரே கொண்டு அறிவது என்பது அவருக்கு அப்போதே பிடித்துப்போன வேலை. 1947-ல் கேம்பிரிட்ஜ் போனார். புகழ்பெற்ற கேவண்டிஷ் ஆராய்ச்சிக் கூடத்தில் இரண்டு ஆண்டுகள் இருந்து டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

கங்காருவின் வால்

சென்னைப் பல்கலைக் கழகத்தில் துணைவேந்தராக இருந்தவர் ஆர்க்காடு லட்சுமணசாமி முதலியார். ராமசாமி முதலியாருடன் இரட்டையராகப் பிறந்தவர். தொழிலில் டாக்டர். 1942 முதல் 1969 வரை, ஒரு தலைமுறைக் காலம் அந்தப் பதவியில் இருந்தார். பௌதிகத் துறைக்குத் தலைவராக வரும்படி அவர் ராமனைக் கேட்டார். ராமன் தாம் வரவில்லை என்று சொல்லி, தம் மாணவரின் பெயரைக் கொடுத்தார். 1952-ல் ராமச்சந்திரன் கிண்டி வளாகத்தில் துறைத் தலைவரானபோது முப்பது வயதுகூட முழுதாக நிறையவில்லை.

இந்தக் காலத்தில் இப்படி ஒரு நியமனம் நடக்குமா என்பது வேறு விஷயம்.

பிரிட்டிஷ் விஞ்ஞானி பெர்னால் சென்னைக்கு வந்திருந்தபோது, கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பை யாரும் இன்னும் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை என்று பேச்சுவாக்கில் குறிப்பிட்டார். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் கட்டிப் பிடித்திருக்கும் புரதம் அது. சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் சல்லடைச் சவ்விலும் அதன் ஒரு வகை இருக்கிறது. பரம்பரையாக அதில் குறை உள்ள குடும்பங்களில் இளம் வயதிலேயே சிறுநீரகம் செயலிழப்பது உண்டு. ராமச்சந்திரன் பிடித்துக்கொண்டார். கங்காரு வாலின் தசைநாணை வரவழைத்து, அதில் எக்ஸ்ரேயைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். கோபிநாத் கர்த்தா கூட இருந்து உழைத்தார்.

1954-ல் விடை வந்தது. கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது. அடுத்த ஆண்டு அதைத் திருத்தினார்கள்: மூன்று இழைகளும் தனித்தனியே சுருண்டு, பிறகு மூன்றும் சேர்ந்து கயிறுபோல் முறுக்கிக்கொண்டிருக்கின்றன. வெளிநாட்டில் பெரிய பெயர் படைத்த கிரிக், ரிச் ஆகியோர் சில நுணுக்கங்களில் மாறுபட்ட அமைப்பை வெளியிட்டார்கள். அந்த வாதம் பல ஆண்டுகள் நடந்தது. முறுக்கிய மூன்று இழை என்ற அடிப்படை கிண்டியில் பிறந்தது என்பதை யாரும் மறுக்கவில்லை.

1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் என்ற இரண்டு பேரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட வரைபடம் இன்று உலகத்தில் புரதத்தைப் பற்றிப் படிக்கும் எந்த மாணவனும் கடந்து போகவேண்டிய படம். அதற்கு ராமச்சந்திரன் வரைபடம் என்றே பெயர். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம், எந்தக் கோணங்களில் மடங்க முடியாது என்று அது ஒரு கட்டத்துக்குள் காட்டிவிடும். பெரும்பாலும் அவர் வாழ்க்கை வரலாற்றை இதோடு முடித்துவிடுவார்கள். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பவனுக்கு வேண்டிய பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது.

கூட்ட நெரிசலில் ஒரு முகம்

எக்ஸ்ரேயை ராண்ட்ஜன் கண்டுபிடித்தது 1895-ல். அது காட்டுவது நிழல். முதுகெலும்பு, குடல், கொழுப்பு, சிறுநீரகம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த ஒரே நிழல். காலை நேரத்துப் பஸ்ஸை வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னலில் தெரியும் தலைகளைப்போல: யார் முன்னால், யார் பின்னால் என்று தெரியாது. உள்ளே ஒடுங்கி நிற்கும் ஒல்லி மனிதரைக் கண்டுபிடிக்கவே முடியாது. சுருங்கிய சிறுநீரகத்தில் உள்ள சுண்டைக்காய் அளவுக் கட்டி அந்த ஒல்லி மனிதர் மாதிரி.

ஆனால் பஸ்ஸைச் சுற்றி வந்தால்? ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் பார்த்துப் பார்த்து, யார் எங்கே நிற்கிறார் என்று கணக்குப் போட்டுவிடலாம் அல்லவா? முடியும் என்று ஆஸ்திரியக் கணித மேதை ராடான் 1917-லேயே நிரூபித்துவிட்டார். அது கணிதப் புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. தென் ஆப்பிரிக்காவில் பிறந்த கார்மாக், ராடான் செய்தது தெரியாமலே, அமெரிக்காவில் இருந்துகொண்டு 1963, 1964-ம் ஆண்டுகளில் மறுபடியும் அந்த வழியைக் கண்டார். அப்போதும் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

யந்திரமாகச் செய்து காட்டியவர் இங்கிலாந்தின் ஹவுன்ஸ்பீல்டு. அவர் வேலை பார்த்தது இ.எம்.ஐ. கம்பெனியில். நாய் படம் போட்ட இசைத்தட்டுகளைப் பழைய தலைமுறை மறந்திருக்காது. அந்தக் குடும்பத்துக் கம்பெனிதான். 1971-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி லண்டனை அடுத்த விம்பிள்டன் ஆஸ்பத்திரியில், மூளையில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்மணியை முதன்முதலாக அந்த யந்திரத்தில் படுக்கவைத்தார்கள்.

அவருடைய கணக்கு முறை ஊகித்துத் திருத்தும் முறை. ஒரு படத்தை உத்தேசமாக வைத்துக்கொண்டு, நிழலோடு ஒப்பிட்டு, தவறு இருந்தால் திருத்தி, மறுபடியும் ஒப்பிட்டு... அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் திணறியது. இன்னொரு முறையும் இருந்தது. பூரியே என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரால் வழங்கும் கணித மாற்றத்தின் வழியாகச் சுற்றிப் போவது. அதற்கும் கம்ப்யூட்டர் நேரம் ஏராளமாகத் தேவைப்பட்டது.

நிழலைத் திருப்பிப் பூசிய கணக்கு

முதல் நோயாளி படுத்த அதே 1971-ம் ஆண்டில், ராமச்சந்திரனும் ஏ.வி.லட்சுமிநாராயணனும் அமெரிக்க தேசிய விஞ்ஞான அகாடமியின் பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஹவுன்ஸ்பீல்டின் வேலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எக்ஸ்ரே நிழல்களிலிருந்தும், எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் படங்களிலிருந்தும் ஒரு பொருளின் முழு உருவத்தை எப்படித் திரும்பப் பெறுவது என்பதுதான் கட்டுரையின் விஷயம்.

அந்த முறையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். கணக்கு என்று பயப்பட வேண்டாம். கூட்டல், கழித்தல், பெருக்கல் தெரிந்த குமாஸ்தாவுக்குப் புரியும்.

பல கோணங்களில் நிழல்களை எடுத்தாகிவிட்டது. ஒவ்வொரு நிழலையும், அது எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசையிலேயே வெற்றுத் தாளின் மேல் திருப்பிப் பூசிக்கொண்டே வந்தால் என்ன ஆகும்? கட்டி இருக்கும் இடத்தில் எல்லாப் பூச்சுகளும் வந்து சேரும். அந்த இடம் அழுத்தமாகத் தெரியும். ஆனால் அதைச் சுற்றிலும் மைப் பூச்சு ஈஷிக்கொண்டிருக்கும். தூறலில் நனைந்த கோலம் மாதிரி, புள்ளி இருக்கும், ஓரம் இருக்காது.

ராமச்சந்திரன் முறை, பூசுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யச் சொல்கிறது. நிழலின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அதன் அண்டைப் புள்ளிகளின் மதிப்பில் ஒரு சிறு பங்கைக் கழித்துவிட வேண்டும். எல்லா அண்டைப் புள்ளிகளும் அல்ல. இரு பக்கத்திலும் முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது என்று ஒன்றுவிட்டு ஒன்று. தூரம் இரண்டு மடங்கானால் பங்கு கால்வாசியாகிவிடும் என்ற விகிதத்தில், தள்ளிப் போகப் போகக் குறைந்த பங்கு. இப்படிக் கழித்த நிழலைப் பூசினால், ஒரு பூச்சின் ஈஷலை இன்னொரு பூச்சின் கழித்தல் துடைத்துவிடும். கோலத்துக்கு ஓரம் வந்துவிடும்.

சுற்றுவழி இல்லை. ஊகம் இல்லை. ஒரு நிழல் வந்தவுடனே அதைக் கழித்துப் பூசிவிட்டு, அடுத்ததற்குப் போகலாம். கடைசி நிழல் வரும்வரை காத்திருக்க வேண்டியது இல்லை. கம்ப்யூட்டருக்கு வேலை பெருமளவு குறைந்தது. நட்சத்திரங்களின் ரேடியோ அலைகளை ஆராய்ந்த பிரேஸ்வெல் என்பவரும் இன்னொருவரும் 1967-ல் தம் துறையில் இதேபோன்ற வழியைக் கண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். எக்ஸ்ரே உலகத்துக்கு அதைக் கொண்டுவந்து, கையில் எடுத்துப் பயன்படுத்தும் கணக்காக வடித்துக் கொடுத்தது இந்த இருவரும்.

மூளை அசையாது. வயிறு அசையும். மூச்சு விட்டால் சிறுநீரகம் மேலும் கீழும் போகும். அதனால் வயிற்றைப் படம் பிடிக்க வேண்டுமானால் யந்திரமும் வேகமாகச் சுற்றவேண்டும், கணக்கும் வேகமாக முடியவேண்டும். 1970-களின் நடுவில் முழு உடல் ஸ்கேனர்கள் வந்தபோது, கழித்துப் பூசும் இந்த முறையே அவற்றின் அடிப்படைக் கணக்காக நிலைத்தது. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் அதற்கு ஈடு வரவில்லை. இன்றைய யந்திரங்களில், கம்ப்யூட்டர்களின் வேகம் கூடியதால், ஹவுன்ஸ்பீல்டு காலத்து ஊகித்துத் திருத்தும் முறையே புது உருவில் திரும்பி வந்து, இதோடு சேர்ந்து வேலை செய்கிறது. பாடப் புத்தகங்களில் இருவர் பெயரின் முன்பாதியையும் சேர்த்து ராம்-லாக் வடிகட்டி என்று போடுகிறார்கள்.

1979-ல் ஸ்கேன் யந்திரத்துக்காக நோபல் பரிசு கார்மாக்குக்கும் ஹவுன்ஸ்பீல்டுக்கும் கிடைத்தது. இருவரும் தகுதி உள்ளவர்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் அன்று பத்திரிகை படித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த யந்திரத்துக்குள் ஒரு தமிழ்ப் பேராசிரியரின் கணக்கு ஓடுகிறது என்று தெரிந்திருக்கும்?

இருபது புள்ளி வித்தியாசம்

இந்தக் கணக்கு குகட்பள்ளி நோயாளிக்கு எப்படி உதவுகிறது?

முதலில் அல்ட்ரா சவுண்டு செய்கிறார்கள். செலவு குறைவு, கதிர்வீச்சு இல்லை. அடிவயிற்றில் தோலுக்கு அருகில் இருக்கும் புதுச் சிறுநீரகம் அதில் நன்றாகத் தெரியும். முதுகுப் பக்கம் ஆழத்தில் சுருங்கிக் கிடக்கும் பழையது சுற்றியுள்ள கொழுப்போடு கலந்து, சரியாகப் பிடிபடாமல் போகலாம். நீர்க்கட்டிகள் நிறைய இருந்தால் இன்னும் குழப்பம். அப்போதுதான் சி.டி. ஸ்கேன்.

சி.டி. ஸ்கேனில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. ஹவுன்ஸ்பீல்டின் பெயரால் வழங்கும் அளவு அது. தண்ணீருக்குப் பூஜ்யம். காற்றுக்கு மைனஸ் ஆயிரம். மருந்து ஏற்றுவதற்கு முன் ஒரு படமும், ரத்தத்தில் அயோடின் கலந்த மருந்தை ஏற்றியபின் இன்னொரு படமும் எடுப்பார்கள். வெறும் நீர்க்கட்டியானால், முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். அதற்குள் ரத்த ஓட்டம் இல்லை. புற்றுநோய்க் கட்டி ரத்தத்தை இழுக்கும், மருந்து அதற்குள் போகும், எண் ஏறும். இருபது புள்ளியும் அதற்கு மேலும் ஏறினால் டாக்டர் நிமிர்ந்து உட்காருவார். பத்துக்கும் இருபதுக்கும் நடுவில் நின்றால் சந்தேகம். வேறு பரிசோதனை தேவைப்படும்.

ஆயிரக்கணக்கான புள்ளிகள் கொண்ட அளவுகோலில் இருபது புள்ளி. ஓரம் ஈஷிய படத்தில் பக்கத்துப் புள்ளியின் எண் இதில் கலந்துவிடும். அந்த இருபதை நம்ப முடியாது. கழித்துப் பூசிய கணக்கின் அருமை அங்கே இருக்கிறது.

கட்டி என்று உறுதியானால், பழைய சிறுநீரகத்தை எடுத்துவிடுகிறார்கள். ஏற்கனவே ஓய்ந்துபோனது என்பதால் அதை இழப்பதில் உடம்புக்கு நஷ்டம் இல்லை. சிறியதாக இருக்கும்போது கண்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக நன்றாக உள்ள புற்றுநோய் இது. அரிதாகப் புதுச் சிறுநீரகத்திலேயே கட்டி வந்தால்தான் சங்கடம். அப்போது சிறுநீரகத்தைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் எடுக்கவோ, சுட்டு அழிக்கவோ பார்க்கிறார்கள்.

ஸ்கேனிலும் ஓர் ஆபத்து உண்டு. அயோடின் மருந்தை வெளியேற்ற வேண்டியது அந்த ஒற்றைச் சிறுநீரகம். அது ஏற்கனவே தளர்ந்திருந்தால் மேலும் பாதிக்கலாம். அதனால்தான் ஸ்கேனுக்கு முன் கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் கேட்கிறார்கள். கொண்டுவரவில்லை என்றால் இன்னொரு நாள் வரச் சொல்கிறார்கள். ஒரு நாள் கூலி போகிறதே என்று கோபித்துக்கொள்பவர்கள் உண்டு. சிறுநீரகம் மாற்றியவர் என்று மேஜையில் இருப்பவரிடம் தாமாகவே முதலில் சொல்லிவிடுவது நல்லது. சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவர்களுக்கு எம்.ஆர்.ஐ.க்குப் போடும் கடோலினியம் மருந்தின் பழைய வகைகள் தோலை இறுகச் செய்யும் கடுமையான நோயைக் கொண்டுவந்தன என்று 2006-க்குப் பிறகு தெரிந்து, இப்போது புதிய வகைகளைப் பயன்படுத்துகிறார்கள். மிக நுண்ணிய வாயுக் குமிழிகளை ரத்தத்தில் ஏற்றி அல்ட்ரா சவுண்டு பார்க்கும் முறையும் வந்திருக்கிறது. அந்த வாயு மூச்சுக் காற்றோடு வெளியேறிவிடும். சிறுநீரகத்துக்குப் பாரம் இல்லை.

சிறுநீரகம் மாற்றிய எல்லோருக்கும் ஆண்டுதோறும் இப்படித் தேடிப் பார்க்க வேண்டுமா என்பதில் டாக்டர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை அல்ட்ரா சவுண்டு போதும் என்பவர்கள் உண்டு. நீண்ட காலம் டயாலிசிஸ் செய்தவர்கள், நீர்க்கட்டி நிறைய உள்ளவர்கள், முன்பே புற்றுநோய் வந்தவர்கள் ஆகியோரை மட்டும் பார்த்தால் போதும் என்பவர்களும் உண்டு. சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் மட்டும் இரண்டாவது பேச்சுக்கே இடம் இல்லை.

கடைசிக் காலம்

சென்னையில் முதலியார் பதவியை விட்டுப் போனபின் ராமச்சந்திரன் அங்கே நீடிக்கவில்லை. பெங்களூர் அவரை அழைத்துக்கொண்டது. விஞ்ஞானக் கழகத்தில் 1971-ல் மூலக்கூறு உயிர்பௌதிகப் பிரிவைத் தொடங்கினார். இடையிடையே அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக் கழகத்திலும் பேராசிரியராக இருந்தார். 1961-ல் பட்நாகர் பரிசு, 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி என்று கௌரவங்கள் வந்தன. ஸ்கேன் கணக்கை அவர் அதற்குப் பிறகு பெரிதாகப் பின்தொடரவில்லை. ஒரு கட்டுரையாக எழுதி, உலகத்தில் யார் வேண்டுமானாலும் படித்து எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்துவிட்டு, தமது புரதங்களுக்கும், பிற்காலத்தில் தர்க்க சாஸ்திரத்துக்கும் திரும்பிவிட்டார். வேதாந்தத்தையும் சமண மதத்தின் தர்க்கத்தையும் கணிதக் குறியீடுகளில் எழுத முயன்றார்.

முதுமை அவரிடம் தயவு காட்டவில்லை. பக்கவாதம் வந்தது. பார்க்கின்சன் நோய் என்ற நடுக்க வாதம் வந்தது. 1945-ல் மணந்த மனைவி ராஜலட்சுமி, நோயில் அவரைத் தாங்கிக்கொண்டிருந்தவர், 1998-ல் காலமானார். அடுத்த ஆண்டு, படிக விஞ்ஞானிகளின் சர்வதேச சங்கம் அதன் மிக உயர்ந்த ஈவால்டு பரிசை அவருக்கு அறிவித்தது. 2001-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி சென்னையில் உயிர் பிரிந்தது. வயது 78.

மகன் ரமேஷ் நாராயண் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் வான இயல் பேராசிரியரானார். ஒளிகூடத் தப்பித்து வெளியே வர முடியாத கருந்துளைகள் அவருடைய ஆராய்ச்சித் துறை.